கண்டக்டர் வீட்டு ஏழு டிக்கெட்

மாடு, கோழி, பெண்டாட்டி, ஏழு பிள்ளைகள், பக்கத்துத் தோட்டத்துக்காரி ஆகிய அனைவரையும் ஒரே விசிலில் எழுப்பி உட்கார வைத்த மனிதன் கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவன்தான். இன்னொருவன் இருந்தால் அவனை நானே ஜீப்பில் ஏற்றி மலைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்திருப்பேன். அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரி நான்தான்.

அவனுக்கு ரேஷன் கார்டில் ஏதோ ஒரு பெயர் இருக்கும். எங்களுக்குக் கண்டக்டர். தேனிக்கும் கம்பத்துக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் பல வருஷம் கண்டக்டராக இருந்தவன். ஒரு நாள் இவன் விசில் ஊதுவதற்கு முன்பே டிரைவர் வண்டியை எடுத்துவிட்டானாம். மானப் பிரச்சினை ஆகிவிட்டது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து வேலையை விட்டு இறங்கி, அதே கையோடு பழனிசெட்டிபட்டி வாடகை வீட்டைக் காலி செய்து, செத்துப்போன அப்பனுடைய திராட்சைத் தோட்டத்துக்குக் குடி வந்துவிட்டான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். அதனால் அவன் இவன் என்றுதான் எழுதப் போகிறேன். மரியாதை வேண்டுமென்றால் அந்த விசிலைத் தேனியிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்.

நான் கம்பத்து வீட்டை விட்டுத் தென்னந்தோப்புக்குள் தனியாகக் குடி வந்ததே சத்தம் பிடிக்காமல்தான். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, டிவி இல்லை. தேங்காய் விழுகிற சத்தம் மட்டும் உண்டு. அதற்கே எனக்குக் கோபம் வரும்.

ஒரு தை மாதம் காலையில் பக்கத்துத் தோட்டத்து வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. அதிலிருந்து பிள்ளைகள் இறங்கினார்கள். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று வரை பொறுத்துக்கொண்டேன். ஏழாவது இறங்கியபோது கையிலிருந்த தேங்காயைக் கீழே போட்டுவிட்டேன்.

"ஏலே, இது வீட்டுக்குக் குடி வர்றதா, பள்ளிக்கூடம் நடத்தவா?" என்று கேட்டேன்.

"நாலு என்னுது. மூணு தம்பியுதுக்கா. தம்பியும் அவன் பொண்டாட்டியும் மேல, மலையாளம் பேசுற பக்கம், ஏலக்காய் எஸ்டேட்டுல இருக்காக. புள்ளைக தமிழ்ப் பள்ளிக்கூடத்துல படிக்கட்டும்னு இங்கன விட்டிருக்காக."

"இந்தக் காலத்துல எவனாச்சும் நாலு பெத்துக்குவானா?"

"வண்டியில எடம் இருந்துச்சுக்கா" என்றான்.

அவன் பெண்டாட்டி ஈஸ்வரி டெம்போவை விட்டு இறங்கவே இல்லை. பழனிசெட்டிபட்டியில் பிறந்து வளர்ந்தவள். குழாயைத் திருகினால் தண்ணீர், தெருமுனையில் ஜவுளிக்கடை, எதிர்வீட்டில் பேச ஆள் என்று இருந்தவளைக் கொண்டுவந்து பாம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே இறக்கினால் அவள் எப்படி இறங்குவாள்? நாங்கள் எல்லோரும் கேட்கும்படி அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"அடுத்த தை வரைக்கும் இருப்பேன். அதுக்குள்ள எனக்கு இந்த எடம் பிடிக்கணும். பிடிக்கலைன்னா இதே டெம்போவுல ஏறி எங்கண்ணன் வீட்டுப் பக்கம் போயிருவேன். ஏழையும் கூட்டிக்கிட்டுத்தேன் போவேன். நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"சரி" என்றான். அவன் முகத்தில் ஒரு நொடி விசில் இல்லாத முகம் தெரிந்தது. இந்தத் தோட்டத்தைத் தவிர அவனுக்குப் போக இடம் கிடையாது. திரும்ப எந்த டிரைவரும் அவனைச் சேர்த்துக்கொள்ளப் போவதில்லை.

நான் மனதுக்குள் அடுத்த தையை வாழ்த்தி வரவேற்றேன். ஒரு வருஷம்தானே, பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் விடிவதற்குள் விசில் அடித்தது.

விவசாய மோட்டாருக்கு எங்கள் பக்கம் த்ரீ பேஸ் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வருகிற நேரத்தில் ஓடிப்போய் மோட்டாரைப் போட வேண்டும். அதற்கு ஒரு நீள விசில். கேட்டதும் மூன்றாம் நம்பர் மோட்டார் ரூமுக்கு ஓட வேண்டும், நான்காம் நம்பர் வாய்க்கால் மடையைத் திறக்க வேண்டும். ஆமாம், பிள்ளைகளுக்கெல்லாம் நம்பர். மூத்தவள் தர்ஷினி ஒன்று. கடைக்குட்டி மகிழினி ஏழு. ஒத்த விசில் அடித்தால் செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிட்டு அப்படியே நிற்க வேண்டும். இரட்டை விசில் என்றால் புறப்படு. பல்லில் பிரஷ்ஷோடு, வாயில் இட்லியோடு, ஒரு காலில் செருப்போடு பிள்ளைகள் சிலை மாதிரி நிற்பதை வேலி வழியாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு குளியலறை. அதன் வாசலில் அவன் நின்று கத்துவது என் அடுப்படி வரை கேட்கும்.

"உள்ள போ, உள்ள போ! படியில நிக்காத! குளிச்சவுகல்லாம் பின்வாசல் வழியா இறங்குங்க! எவன்டா அது, சோப்போட இறங்குறது?"

சாப்பாட்டுக்கும் இதே கூத்துதான். சுவரோரமாக ஏழு தட்டு. "முன்னாடி நெருக்காதீக, பின்னாடி எடம் கெடக்கு" என்பான். ஈஸ்வரி சாம்பார் வாளியோடு வந்தால், "வழி விடு, வழி விடு, லேடீஸ் வர்றாக" என்பான். அவளுக்குச் சிரிப்பு வரும். ஆனால் சிரித்தால் அடுத்த தைக்கு எதிராகப் போய்விடுமே. முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வாள்.

அவன் மாடுகூடக் கெட்டுப்போனது. ஒத்த விசிலுக்கு மேய்ச்சலை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கும். பிறகு என் மாடும் கெட்டது. பால் கறந்துகொண்டிருக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் இரட்டை விசில் அடித்தால் என் மாடு புறப்பட்டுவிடும். நான் சொம்போடு பின்னால் ஓடுவேன். ஒருநாள் அந்தச் சொம்போடு நேரே அவன் வாசலுக்கே போனேன்.

"ஏலே கண்டக்டரு! இது வீடா, பஸ் ஸ்டாண்டா? விசிலை வாயில இருந்து எடுக்குறியா, இல்ல நான் தொண்டைக்குள்ள தள்ளட்டுமா?"

"அக்கா, ஏழு புள்ளைகளைப் பேரு சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க. ஏழாவது பேரு சொல்றதுக்குள்ள முதப் பேரு தென்னை மரத்துல ஏறியிருக்கும்."

"யாரு தென்னை மரத்துல?"

"ஒங்க மரத்துலதேன். இந்தா, இப்பப் பாருங்க."

திரும்பிப் பார்த்தேன். என் தென்னையில் பாதி உயரத்தில் ஐந்தாம் நம்பர் முத்து தொங்கிக்கொண்டிருந்தான். எனக்குக் கத்தத் தோன்றியது. கத்தினால் பையன் பயந்து கையை விட்டுவிடுவான். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். கண்டக்டர் ஒத்த விசில் அடித்தான். பையன் ஒட்டிக்கொண்டான். பிறகு மெதுவாக, "இறங்கு, இறங்கு, பாத்து இறங்கு, வண்டி நின்னதுக்கப்புறம் இறங்கு" என்று சொல்லிச் சொல்லியே கீழே கொண்டுவந்துவிட்டான். நான் சொம்பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். தோற்றுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பால் புளித்துவிடுமே என்று வந்தேன்.

சித்திரை விடுமுறையில் மலையிலிருந்து தம்பி வந்தான். ஒரு பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். திராட்சைப் பந்தலுக்கடியில் ஏழு பிள்ளைகளும் ஒரே மாதிரி கறுத்து, ஒரே மாதிரி சேறு பூசி நின்றிருந்தார்கள். அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"அண்ணே, இதுல என் பிள்ளைக எது?"

"ரெண்டு, அஞ்சு, ஆறு" என்றான் கண்டக்டர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அன்றைக்கே ஈஸ்வரிக்குச் சுருக்கென்றது. வேலிக்கு வந்து என்னிடம் சொன்னாள். "பாத்தீகளாக்கா? பெத்தவன் என் பிள்ளைக எதுன்னு கேக்குறான், இவுக நம்பர் சொல்றாக. என்னைக்காச்சும் இது வினையா முடியும்."

"தை வரட்டும், போயிரு" என்றேன். நல்ல அண்டை வீட்டுக்காரியாக இதைத்தான் சொல்ல முடியும்.

ஆடி மாதம் அந்த வினை வந்தது.

பிள்ளைகளுக்கு வரிசையாக அம்மை போட்டு இறங்கியிருந்தது. எல்லாம் நல்லபடியாகத் தேறினால் ஏழுக்கும் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலில் மொட்டை போடுவதாகக் கண்டக்டர் வேண்டிக்கொண்டிருந்தான். ஆடி சனிக்கிழமை குச்சனூர் கூட்டத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சனீஸ்வரனே வெளியே வந்து நின்றால்தான் கொஞ்சம் காற்று வாங்க முடியும். "நீ வீட்டுல இரு, ஒருநா ரெஸ்ட் எடு, நான் பாத்துக்கிறேன்" என்று பெண்டாட்டியை விட்டுவிட்டு ஏழையும் தனியாகக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே நடந்ததை மூத்தவள் தர்ஷினி பிறகு எனக்குச் சொன்னாள்.

ஏழு தலைக்கும் மொட்டை அடித்துச் சந்தனம் பூசியாயிற்று. கடைக்குட்டி மகிழினியின் பாவாடை ஆற்றில் நனைந்துவிட்டதால் அண்ணன்காரனுடைய சிவப்புச் சட்டையும் டிரவுசரும் போட்டுவிட்டிருந்தார்கள். சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர் படிக்கட்டில் நின்றான். ஒவ்வொரு மொட்டையையும் தொட்டு எண்ணி உள்ளே தள்ளினான். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று போய், ஏழு வந்ததும் அவனுக்குள்ளிருந்த பழைய ஆள் விழித்துக்கொண்டான். சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து இரட்டை விசில் அடித்தான்.

பஸ் புறப்பட்டுவிட்டது.

அந்தப் பஸ்ஸின் உண்மையான கண்டக்டர் அப்போது எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் டம்ளரோடு ஓடினார். பிறகு யாரோ ஒருவருடைய பைக்கில் ஏறித் துரத்தி வந்து, வழியில் பஸ்ஸை மடக்கி, டிரைவரையும் நம்மாளையும் நிற்க வைத்துக் கிழித்தார். "நீ யாருய்யா என் வண்டிக்கு விசில் அடிக்க?" என்று அவர் கேட்டதற்கு நம்மாள் சொன்ன பதில்: "டிக்கெட் சரியா இருந்துச்சு, அதேன் அடிச்சேன்."

டிக்கெட் சரியாகத்தான் இருந்தது. ஏழு மொட்டை. சின்னமனூரில் பஸ் மாறும்போது தர்ஷினிக்கு மட்டும் சந்தேகம்.

"அப்பா, ஏழு வேற மாதிரி இருக்குப்பா."

"மொட்டை அடிச்சா எல்லாரும் வேற மாதிரித்தேன் இருப்பாக. ஏறு, ஏறு."

வீட்டு வாசலில் ஈஸ்வரி நின்றிருந்தாள். தோசைக் கரண்டி கையில். பிள்ளைகள் வரிசையாக உள்ளே போனார்கள். ஏழாவது மொட்டையின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தியவள் அப்படியே நின்றாள்.

"இது யாரு பிள்ளை?"

அந்த அலறலுக்கு நான் வேலியைச் சுற்றிப் போகவில்லை. வேலியைப் பிய்த்துக்கொண்டு போனேன். சிவப்புச் சட்டை போட்ட ஒரு பையன், மகிழினி உயரம், தோசையைக் கையில் சுருட்டி வைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

"ஏன்டா இவுக கூட வந்த?" என்று கேட்டேன்.

"அவுகதேன் தலையைத் தொட்டு ஏழு, ஏறுன்னாக. ஏறுனேன்" என்றான். அவன்மேல் ஒரு தப்பும் சொல்ல முடியாது.

கண்டக்டர் மறுபடி எண்ணினான். ஏழு. இன்னொரு முறை எண்ணினான். ஏழு. அவன் வாழ்க்கையில் முதல்முறையாகக் கணக்கு சரியாக இருந்தும் ஆள் குறைந்திருந்தது.

என் ஜீப்பை எடுத்தேன். தேங்காய் ஏற்றுகிற ஜீப். அது ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். அன்றைக்கு அது நின்றிருந்தால் எரித்திருப்பேன். பக்கத்தில் ஈஸ்வரி. அவள் மடியில் அந்தப் பையன். பின்னால் தேங்காய் மட்டை மேல் கண்டக்டர். கம்பத்திலிருந்து குச்சனூர் வரை ஈஸ்வரி ஒரே ஒரு முறைதான் பேசினாள்.

"எனக்குத் தை வரைக்கும் தேவையில்லை. என் பிள்ளை கெடைச்சதும் போயிருவேன்."



குச்சனூரில் கோயில் மைக்கில் ஒரு மொட்டைப் பையனைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இறங்கியதும் அவனுடைய அம்மா பாய்ந்து வந்து பிள்ளையை அள்ளினாள். அள்ளிய கையோடு கண்டக்டரை அடிக்கச் செருப்பைக் கழற்றினாள். குறுக்கே போய் நின்றது ஈஸ்வரி.

"ஆத்தா, ஒங்க பிள்ளையை ஒரு கீறல் இல்லாம கொண்டாந்துட்டோம். இவுகளை அடிக்கணும்னா நான் அடிப்பேன். நீங்க தள்ளுங்க."

பையன் அம்மாவின் தோளிலிருந்து, "அம்மா, அவுக வீட்டுல தோசைக்கு ரெண்டு சட்னிம்மா" என்றான்.

மகிழினி எங்கேயும் போயிருக்கவில்லை. பஸ் நின்ற இடத்தில், போர்டு மாட்டிய இரும்புக் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பொரி விற்கிற அம்மா ஒருத்தி காவல். அந்த அம்மாவுக்கு என்னைவிடக் கோபம்.

"இந்தப் பிள்ளை என்னா பிள்ளைம்மா? மைக் இருக்கிற எடத்துக்கு வான்னா வரமாட்டேங்குது. கம்பத்தை விட மாட்டேங்குது. பேரு என்னான்னா ஏழுங்குது. போன் நம்பர் என்னான்னா அதுக்கும் ஏழுங்குது. மைக்குல நான் என்னான்னு சொல்லச் சொல்றது? ஏழு காணாமப் போச்சுன்னா?"

கண்டக்டர் மகள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தான். அவள் அழவே இல்லை.

"வண்டியை விட்டுட்டா நின்ன எடத்தை விட்டு அசையக் கூடாது, வண்டி திரும்பி வரும்னு நீங்கதானப்பா சொன்னீக. அசையலை" என்றாள்.

அவன்தான் அழுதான். மகள் அவன் தலையில் கை வைத்தாள். அவன் அழுததை ஈஸ்வரி அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தாள். அவள் பேசியது ஜீப்பில் திரும்பி வரும்போது. குரலை உயர்த்தாமல் சொன்னாள். அதுதான் மோசம்.

"ஆசை ஆசையா மகிழினின்னு பேரு வச்சேன். என் பிள்ளை தன் பேரையே மறந்திருச்சு."

மறுநாள் கண்டக்டர் என் வீட்டு வாசலுக்கு வந்தான். கையில் விசில்.

"அக்கா, இதை நீங்க வச்சுக்கங்க. என்கிட்ட இருந்தா ஊதிருவேன்."

"ஈஸ்வரி என்ன சொல்றா?"

"சொன்ன சொல்லுக்குத் தை வரைக்கும் இருக்கேன், அதுக்கு மேல ஒருநா கூட இல்லைன்னு சொல்லிட்டாக்கா."

விசிலை வாங்கிக் கடுகு டப்பாவில் போட்டு மூடினேன். ஆக, நான் கேட்டது கிடைத்துவிட்டது. சத்தம் போயிற்று. தையில் ஆட்களும் போய்விடுவார்கள்.

அந்த அமைதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைப் போல ஒரு தொந்தரவு நான் அனுபவித்ததில்லை.

கரண்டு வந்தது, யாரும் ஓடவில்லை. ஓடினால் மூன்று பேர் ஒரே நேரத்தில் மோட்டாருக்கு ஓடினார்கள், மடையைத் திறக்க ஆளில்லை, தண்ணீர் என் தோப்புக்குள் வந்தது. பள்ளிக்கூட ஆட்டோ இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டுப் போயிற்று, நான் ஜீப்பில் கொண்டுபோய் விட்டேன். கண்டக்டர் குளியலறை வாசலில் நின்று, "அம்மா தர்ஷினி, கொஞ்சம் வெளிய வர்றியா" என்று மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தான். தேவையில்லாமல் மரியாதையாகப் பேசுகிறவனைப் பார்த்தால் எனக்கு ஆகாது. என் மாடு காலையில் காதைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பால் குறைந்துவிட்டது. அதையும் நான்தான் திட்ட வேண்டியிருந்தது.

ஐப்பசியில் பந்தல் முழுக்கத் திராட்சை கறுத்துத் தொங்கியது. அந்த வருஷத்தின் நல்ல காய்ப்பு. வெட்ட ஆள் சொல்லி, வியாபாரி லாரியும் சொல்லியாகிவிட்டது. பழுத்த குலையில் மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும், பிறகு மாட்டுக்குத்தான் போட வேண்டும். வெட்டிய குலைகளைப் பெட்டி பெட்டியாகப் பந்தலுக்கடியில் வைத்திருந்தபோது மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. சொன்ன ஆட்களில் பாதிப்பேர் வரவில்லை. கண்டக்டர் தோட்டத்தின் கடைசியில் வெட்டிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஏழும் ஏழு திசையில் இருந்தன. காற்று அடித்த அடியில் ஈஸ்வரி கத்திய பெயர்கள் அவள் வாயை விட்டே தாண்டவில்லை. தர்ஷினி என்று கூப்பிட்டால் கிஷோர் வந்தான். வந்தவன் தர்ஷினியைத் தேடிப் போய்விட்டான்.

ஈஸ்வரி என் அடுப்படிக்குள் ஓடி வந்தாள்.

"அக்கா, அதை எடுங்க!"

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதீக!"

கடுகு டப்பாவைக் கவிழ்த்தேன். கடுகு சிதறியது. அவள் விசிலை எடுத்து ஊதினாள். முதல் ஊதலில் காற்றுதான் வந்தது. இரண்டாவதில் வந்தது பாருங்கள் ஒரு சத்தம், கண்டக்டர் பிச்சை வாங்க வேண்டும். எங்கெங்கோ இருந்த ஏழும் புழுதியோடு வந்து நின்றன. கண்டக்டரும் வெட்டுக் கத்தரியோடு ஓடி வந்து எட்டாவதாக வரிசையில் நின்றான். என் மாடும் வந்தது.

ஈஸ்வரி நம்பர் சொல்லவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பேர் சொன்னாள். தர்ஷினி, கிஷோர், பாண்டி, நீங்க பெட்டியைத் தூக்குங்க. ரித்திகா, முத்து, தார்ப்பாய். அபி, மகிழினி, கீழ விழுந்த குலையைப் பொறுக்குங்க. "ஏங்க, நீங்க லாரியில ஏறி வாங்கி வைங்க. அக்கா, நீங்க என்னா வேடிக்கை பாக்குறீக?" பிறகு இரட்டை விசில். மழை வந்து சேர்ந்தபோது லாரியின் தார்ப்பாயை நாங்கள் கட்டிக்கொண்டிருந்தோம். நனைந்த கோழி மாதிரி நின்ற எல்லோருக்கும் அவள் சுக்குக் காப்பி கொடுத்தாள். விசிலைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்கும் தைரியம் இல்லை.

ஆனால் தையைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. மார்கழி முழுக்கக் கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து இளைத்துப்போனான். "ஏதாச்சும் சொன்னாளாக்கா?" என்று தினமும் வேலிக்கு வருவான். "சொன்னா ஒனக்குத்தானடா மொதல்ல தெரியும்" என்று விரட்டுவேன். விரட்டிவிட்டு நானும் அவள் வீட்டுப் பாத்திரம் மூட்டை கட்டுகிற சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுப்பேன்.

பொங்கல் முடிந்தது. வாசலில் அதே டெம்போ வந்து நின்றது. பழனிசெட்டிபட்டியிலிருந்து ஈஸ்வரியின் அண்ணன். ஒரு வருஷத்துக்கு முன்பே அவள் சொல்லி வைத்திருந்த நாள் அது. சொன்ன சொல்லுக்கு வந்துவிட்டான்.

நான் வேலியோரம் போய் நின்றேன். சனியன் தொலைகிறதைப் பார்க்கலாம் என்றுதான். பிள்ளைகள் ஏழும் சுவரோரமாக நின்றார்கள். கண்டக்டர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினான். ஒரு வார்த்தை பேசவில்லை. பீரோவின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்துத் தூக்கினான். மறுபக்கம் அண்ணன்காரன். வாசல்படி வரை கொண்டுவந்துவிட்டார்கள்.

"என்னா ஈஸ்வரி, ஏத்தலாமா?" என்றான் அண்ணன்.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். விசிலை எடுத்தாள்.

ஒத்த விசில்.

ஏழு பிள்ளைகளும் சிலையானார்கள். கண்டக்டர் பீரோவைத் தூக்கியபடி நின்றான். எந்த விசிலும் பழக்கமில்லாத அண்ணன் மட்டும் ஓரடி எடுத்து வைத்து, பீரோவில் இடித்துக்கொண்டான்.

"அண்ணே, எறக்கு. உள்ள வந்து சாப்பிட்டுப் போ" என்றாள் ஈஸ்வரி. பிறகு புருஷனிடம், "இனி விசில் என்கிட்டதேன் இருக்கும். நீங்க எண்ணுங்க. ஆனா தலையை எண்ணக் கூடாது. மூஞ்சியைப் பாத்து, பேரைச் சொல்லி எண்ணணும். ஒரு பேரு தப்புனாலும் மறுபடி டெம்போவைக் கூப்பிடுவேன்."

"சரி" என்றான். பீரோவைக் கீழே வைக்கச் சொன்ன பிறகும் அவன் அதை விடவில்லை. மகிழினி போய் விரலைப் பிரித்துவிட்டாள்.

இப்போதும் இருக்கிறார்கள். சத்தம் இரண்டு மடங்காகிவிட்டது. அவள் ஊதுகிறாள், அவன் பேர் சொல்லிக் கத்துகிறான். ஒரு மனுஷி நிம்மதியாக ஒரு தேங்காய் விழுவதைக் கேட்க முடியவில்லை.

போன மாதம் சின்னமனூரில் ஒரு கல்யாணத்துக்கு எல்லோரும் கிளம்பினோம். ஜீப் வழக்கம்போல நின்றுவிட்டதால் ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றோம். கண்டக்டர் வரிசையாக முகத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டு வந்தான். தர்ஷினி, கிஷோர், பாண்டி, ரித்திகா, முத்து, அபி, மகிழினி.

"எட்டு" என்று முடித்தான்.

எனக்கு வந்ததே கோபம். "ஏலே, ஏழுதானடா? திரும்ப எவன் பிள்ளையை இழுத்துட்டு வந்த?"

அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா, நீங்க எங்க வண்டியில இல்லையா?"

"ஆளு அசையும்போது எண்ணுனா இப்படித்தேன் தப்பாப் போகும், மறுபடி ஒழுங்கா எண்ணு" என்று திட்டிவிட்டு, அவன் முதலிலிருந்து எண்ணிக்கொண்டு என்னிடம் வந்து சேரும்வரை நான் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.